கங்காருவிடம் தோற்ற துண்டு

இதை நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். பெஞ்சில் இடம் குறைச்சல், நம்புகிறவர்கள் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

புங்கந்துறை மாட்டுச் சந்தையில், ராயப்பன் டீக்கடையில், போன செவ்வாய்க்கிழமை காலை நான் இப்படித்தான் ஆரம்பித்தேன். யாரும் எழுந்து போகவில்லை. நின்றுகொண்டிருந்தவன் ராயப்பன் ஒருவன்தான். டீ ஆற்றுகிறவனுக்கு உட்கார ஏது நேரம்?

என் பெயர் நாச்சிமுத்து. மாட்டுத் தரகன். மூன்றாம் வகுப்பு வரைக்கும் வாத்தியாரிடம் உதை வாங்கினேன். மிச்சப் படிப்பெல்லாம் மாட்டிடம் வாங்கிய உதைதான். இரண்டில் மாடு மேல். எதற்கு உதைத்தது என்றாவது தெரிந்துவிடும். என் கோபத்தைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனால் நான் கத்த ஆரம்பித்தால் எங்கள் வீட்டு மிக்ஸி தானாக நின்றுவிடும், அவ்வளவுதான் சொல்வேன்.

எங்கள் சந்தையில் விலையை வாயால் சொல்கிற வழக்கமில்லை. விற்கிறவர் கையையும் வாங்குகிறவர் கையையும் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்து அமுக்கித்தான் பேரம். எந்த விரலுக்கு என்ன விலை என்பது துண்டுக்குள் இருக்கிற இரண்டு கைக்குத்தான் தெரியும். சுற்றி நிற்பவர்களுக்கு முகம் மட்டும் தெரியும். அதனால் தரகனுக்குத் தோளில் கிடக்கிற துண்டுதான் கடை, கல்லா, பெயர்ப்பலகை எல்லாம். இதற்கு ஒரு சட்டமும் உண்டு. பேரத்தில் தோற்றுத் துண்டைப் பறிகொடுத்தவன், ஜெயித்தவன் கையாலேயே ஒரு புதுத் துண்டு தன் தோளில் விழுகிறவரைக்கும் சந்தையில் கை நீட்டக் கூடாது. யார் போட்ட சட்டமோ தெரியாது. அதை வைத்துப் பலபேரை நான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். அப்போதெல்லாம் அது ரொம்ப நல்ல சட்டமாகத்தான் இருந்தது.

ஆஸ்திரேலியாவில் இருக்கும் என் மகள் கோகிலவாணி வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிய முதல் சந்தை அது. முத்தூர் மணியக்காரர் தன் மயிலைக் காளை ஜோடியை எதிரே புங்கமரத்தில் கட்டிவிட்டு, வாங்க வந்த ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு டீக்கடையில் எனக்காகக் காத்திருந்தார். ஜோடி என்றால் அப்படி ஒரு ஜோடி. கொம்பு வைத்த கோயில் தேர் இரண்டு நிற்கிற மாதிரி. அதை விற்றுக் கொடுத்தவன் பேரைப் பத்து ஊர் சொல்லும்.

"நாச்சி, உன்ற கையிலதான் இது போகோணும்னு கட்டி வெச்சிருக்கறேன். வா, ஆரம்பிக்கலாம்" என்றார் மணியக்காரர்.

அப்போதுதான் கந்தப்பன் வாயைத் திறந்தான். அவனும் தரகன்தான். அந்தக் காளைகளை அவன் பார்த்த பார்வையில் அதுகளுக்கே கூச்சம் வந்திருக்கும்.

"ஏம் பங்காளி, தோள்ல துண்டைக் காணமே?"

எல்லோரும் என் தோளைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

"புதுசு வாங்கோணும்."

"பழசு தொலைஞ்சு போச்சா? துண்டையே தொலைச்சவங்கிட்டயா மணியக்காரரு காளையைக் குடுக்கறது?"

"தொலைக்கறதா? நானா?"

"அப்ப எவங்கிட்டயோ தோத்துட்டு வந்துட்டே."

கிழிந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். அந்த நேரத்துக்குத் தோன்றவில்லை. கோபம் வந்தால் எனக்குப் பொய்கூடச் சின்னதாக வராது. பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். நம்பாதவர்கள் எழுந்து போகலாம் என்றேன். ஆரம்பித்தேன்.

வில்கம்பா என்று ஒரு ஊர். மகள் வீட்டிலிருந்து காரில் காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் போய்விடலாம். ஒரு காலத்தில் தங்கம் தோண்டிய ஊர். தங்கம் தீர்ந்த பிறகு ஊரைத் துடைத்து அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். கல் கட்டிடங்கள், மரத்தூண் வைத்த கடை வாசல்கள், குதிரை லாயம், தந்தி ஆபீஸ், வழிப்பறிக்காரர்களை அடைத்த ஜெயில். நம் ஊரில் ஒன்று பழசாகிவிட்டால் இடித்துத் தள்ளுவோம். அங்கே பழசாகிவிட்டால் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள்.

காரை விட்டு இறங்கும்போதே மகள் எச்சரித்தாள். "அப்பா, இங்க எல்லாத்து மேலயும் வெலை ஒட்டியிருக்கும். படிச்சுட்டு வாயை மூடிக்கோணும். பேரம் பேசுனீங்கன்னா அடுத்த பிளைட்டுல ஏத்தி உட்டுருவேன்."

மகள் சொல்லிவிட்டாளே என்று வாயை மூடிக்கொண்டு ஒரு பேக்கரிக்குள் போனேன். அங்கே ஒரு பன். அதன் விலைக்கு நம் ஊரில் பன்னோடு அடுப்பையும் கழற்றிக்கொண்டு வரலாம். பேரம் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கினேன். அடுத்து ஒரு தேன் பாட்டில். அதையும் விழுங்கினேன், பேரத்தைச் சொல்கிறேன். விழுங்க விழுங்க வயிறு உப்பிக்கொண்டே போனது. வெளியே வந்து ஒரு மூச்சு விட்டேன். சட்டைப் பொத்தான் தெறித்துப் போய், எதிரே தபாலாபீஸ் கோபுரத்துக் கடிகாரத்தில் அடித்தது. தங்கம் தீர்ந்த நாளிலிருந்து நின்றுபோயிருந்த கடிகாரம் அது. டிக் டிக் என்று ஓட ஆரம்பித்துவிட்டது.

"எந்தப் பொத்தான்?" என்றான் கந்தப்பன். "போட்டிருக்கற சட்டையில எல்லாம் இருக்குதே."

"இது வேற சட்டை."

"சரி சொல்லு, சொல்லு."

அடுத்தது ஜெயில். சுற்றிக் காட்டுகிற அம்மா ஒருத்தி, விளையாட்டுக்காக என்னை ஒரு கல் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். எனக்கு விளையாட்டு ஆகாது. ரத்தம் தலைக்கு ஏறியது. வெளியே குளிர் எப்படி என்றால், பேசினால் வார்த்தை உறைந்து கீழே விழும், பொறுக்கி எடுத்து வெயிலில் வைத்தால்தான் காதில் கேட்கும். அப்படிப்பட்ட குளிரில் என் கோபம் சுவர் வழியாக இறங்க ஆரம்பித்தது. முதலில் ஒரு கிழவர் வந்து சுவரில் முதுகை வைத்துச் சாய்ந்தார். பிறகு ஒரு குடும்பம். பிறகு ஊரே வந்து சுவரைச் சுற்றி நின்று உள்ளங்கையைக் காட்டிக் குளிர் காய்ந்தது. ஒருத்தி ஜன்னல் கட்டையில் கெட்டிலை வைத்து டீயே போட்டுவிட்டாள். கடைசியில் அந்த ஊர்த் தலைவர் வந்து என் மாப்பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு, குளிர்காலம் முடிகிற வரைக்கும் இந்தப் பெரியவரை எங்களுக்கு வாடகைக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டார்.

மணியக்காரர் டீயை வைத்துவிட்டுக் கேட்டார். "மாப்பிள்ளை என்ன சொன்னாரு?"

"வாடகையே வேண்டாம், வெச்சுக்குங்கன்னாருங்க."

"இது நெசமாத்தான் இருக்கும்" என்றான் ராயப்பன்.

ஊரைத் தாண்டினால் பள்ளத்தாக்கு. பட்டையை உரித்துப் போட்டுக்கொண்டு வெள்ளையாக நிற்கிற யூகலிப்டஸ் காடு, நடுவில் பாறை மேல் படிப்படியாக இறங்குகிற அருவி. மனைவி தெய்வாத்தாள் பத்தடி தள்ளி நின்று ஏதோ சொன்னாள். அருவிச் சத்தத்தில் கேட்கவில்லை. "என்ன?" என்றேன். திரும்பச் சொன்னாள். திரும்பவும் கேட்கவில்லை. எனக்கு வந்ததே கோபம், அருவியைப் பார்த்து, "ஏய், சித்த பேசாம இருக்க மாட்டே?" என்று ஒரு அதட்டல் போட்டேன். பாதி தண்ணீர் அப்படியே நின்றுவிட்டது. மீதிப் பாதி மெதுவாக, சத்தம் காட்டாமல், பாறையோரமாக ஒதுங்கி இறங்கியது. நடுப்பாறையில் நின்ற மீனெல்லாம், இவன் யாரடா என்று என்னைப் பார்த்தது.

"அம்மிணி என்ன சொல்லிச்சு?" என்றான் கந்தப்பன்.

"கத்தாதீங்கன்னு சொன்னாளாம்."

பெஞ்சில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. அந்தக் காட்டிலும் அப்படித்தான் ஒன்று சிரித்தது. மீன்கொத்திச் சாதியில் தடித்த தலை வைத்த ஒரு பறவை, கிளையில் உட்கார்ந்துகொண்டு மனுஷன் மாதிரியே கெக்கெக்கே என்று சிரிக்கும். அங்கே என்னைக் கண்டு பயப்படாத ஜீவன் அது ஒன்றுதான். இங்கே அது கந்தப்பன்.

இன்னொரு பறவை இருக்கிறது. வாலை வீணை மாதிரி விரிக்கும். காதில் விழுந்த சத்தத்தையெல்லாம் அப்படியே திருப்பிச் சொல்லும். அருவியை நான் அதட்டியதை அது கேட்டுவிட்டது. புதருக்குள்ளிருந்து என் குரலிலேயே, "ஏய், சித்த பேசாம இருக்க மாட்டே?" என்றது. என்னையா சொல்கிறாய் என்று நான் கத்தினேன். அதையும் கற்றுக்கொண்டது. நான் நம் சந்தையில் பேசுகிற பேச்சு முழுவதையும் எடுத்துவிட்டேன். அதுவும் எடுத்துவிட்டது. அதைக் கேட்டு இன்னொரு பறவை, அதைக் கேட்டு அடுத்த மரத்துப் பறவை. கொஞ்ச நேரத்தில் பள்ளத்தாக்கு முழுக்கப் புங்கந்துறைச் சந்தை. "பல்லைப் பாரு!" "சுழியைப் பாரு!" "ஏமாத்தறதுக்கு வேற ஆளைப் பாரு!" தெய்வாத்தாள் எது புருஷன் எது பறவை என்று தெரியாமல் ஒரு புதருக்கு வெற்றிலை மடித்து நீட்டினாள்.

"புதரு வாங்கிக்கிச்சா?"

"சும்மா கேளு கந்தப்பா. இனிமேல்தான் விஷயம்."

இவ்வளவு சத்தம் கேட்டால் யாராக இருந்தாலும் சந்தை கூடிவிட்டது என்றுதான் நினைப்பார்கள். கங்காருவும் அப்படித்தான் நினைத்தது. மேட்டிலிருந்து நிதானமாகக் குதித்துக் குதித்து இறங்கி வந்தது ஒரு கங்காரு. பெட்டை. என் உயரம். வயிற்றுப் பையிலிருந்து குட்டி ஒன்று தலையை நீட்டிக்கொண்டிருந்தது. எதிரே வந்து நின்று, முன்னங்கை இரண்டையும் நெஞ்சில் கட்டிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தது. முத்தூர்க்காரர்கள் மாடு வாங்க வந்தால் பார்க்கிற அதே பார்வை.

மணியக்காரர் தொண்டையைச் செருமினார். நான் பொருட்படுத்தவில்லை.

பழக்கம் யாரை விட்டது? ஒரு ஜீவன் எதிரே வந்து நின்றால் என் கை தானாக அதன் வாய்க்குப் போகும். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தேன். கீழ்த்தாடையில் முன்னால் நீட்டிக்கொண்டு இரண்டே இரண்டு பல்லு. நம் கணக்கில் ரெண்டு பல்லு என்றால் இளசு. இளசு, அதற்குள் கன்றும் போட்டிருக்கிறது, கன்றைத் தானே சுமக்கிறது, கயிறு வேண்டாம், மேய்க்க ஆள் வேண்டாம். இதை மட்டும் புங்கந்துறையில் கொண்டுவந்து இறக்கினால்! அதன் முன்னங்கையைப் பார்த்தேன். எண்ணிப் பாருங்கள், நம்மைப் போலவே ஐந்து விரல். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஐந்து விரல் இருக்கிற ஜீவனோடு பேரம் பேசாமல் வருகிறவன் தரகனா? விலையை வாயால் பேசக் கூடாது என்பதுதானே மகள் போட்ட கட்டளை? துண்டை உதறி அதன் கைமேல் போட்டு, விரலைப் பிடித்து அமுக்கினேன்.

"கங்காருவுக்கு என்னடா தெரியும் விரல் கணக்கு?" என்றான் கந்தப்பன்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். முதலில் சுண்டுவிரலை அமுக்கினேன். அது என் சுண்டுவிரலைத் தள்ளிவிட்டு நடுவிரலைப் பிடித்தது. மோதிர விரலுக்கு ஏறிப் பார்த்தேன். அது அசையவில்லை. முகத்தைப் பார்த்தேன். எத்தனையோ தரகன் முகம் பார்த்திருக்கிறேன், அப்படி ஒன்றுமே தெரியாத முகத்தை நான் பார்த்ததில்லை. மென்றுகொண்டே இருந்தது. எனக்கு வியர்த்தது. போவதுபோல இரண்டு அடி திரும்பினேன். கூப்பிடும் என்று பார்த்தேன். கூப்பிடவில்லை. அதுவும் திரும்பிக்கொண்டது. நான்தான் திரும்பி வந்தேன்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் அதை வாங்கப் பேசிக்கொண்டிருந்தேன். அது என்னை வாங்கப் பேசிக்கொண்டிருந்தது.

துண்டுக்குள்ளிருந்து ஒரு கையை எடுத்து என் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தது. எனக்கு மேல்வரிசை கட்டின பல். அது விரலால் தட்டியதும் ஆடியது. ஒரு மாதிரி மூக்கைச் சுளித்தது. என் தலையைக் குனிய வைத்துச் சுழி பார்த்தது. முடி இருந்தால்தானே சுழி? வழுக்கையில் தேடிப் பார்த்துவிட்டுக் கையை உதறியது. பின்னால் போய் என் காலைப் பார்த்தது. நடக்க விட்டுப் பார்த்தது. நான் நடந்தேன், என்ன செய்ய? முழங்கால் லடக் என்று சத்தம் போட்டது. அவ்வளவுதான். பேரம் வேண்டாம் என்கிற மாதிரி தலையை ஆட்டியது. இத்தனை நேரம் வீணடித்ததற்கு அபராதமாக என் துண்டை எடுத்து, நான்காக மடித்து, வயிற்றுப் பைக்குள் வைத்துக்கொண்டு ஒரே தாவலில் மேடேறிப் போய்விட்டது. மரத்தின் மேலே அந்தத் தடித்த தலைப் பறவை சிரித்த சிரிப்பு இருக்கிறதே!

சொல்லி முடித்தேன். பெருமையாக டீயை எடுத்தேன்.

கந்தப்பன் மெதுவாகச் சொன்னான். "அப்ப பேரத்துல துண்டைத் தோத்துட்டே."

டீயைக் கீழே வைத்தேன்.

"அது... கங்காருதானே? ஆளில்லையே?"

"சட்டத்துல ஆளுன்னு இருக்குதா? ஜெயிச்சவன் கையால புதுத்துண்டு விழோணும். நீதானே இதைச் சொல்லி என்னை ஆறு மாசம் ஊட்டுல உக்கார வெச்சே? அதுக்குக் கை இருக்குது, அஞ்சு வெரலும் இருக்குது. நீயேதான் எண்ணிச் சொன்னே."

நான் மணியக்காரரைப் பார்த்தேன். அவர் காளைகளைப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க" என்றார். "ஊட்டுல அம்மிணிக்குப் போன் போடு கந்தப்பா. என்ன நடந்துச்சுன்னு அது சொல்லட்டும். துண்டு பேரத்துல போகலைன்னா, ராயப்பன் கடைப் பையனை அனுப்பிப் புதுசு வாங்கிப் போட்டுட்டு நாச்சியே பேசட்டும்."

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் கந்தப்பன் போட்டுவிட்டான். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில்.

"ஏனம்மிணி, நாந்தான் கந்தப்பன். ஆஸ்திரேலியாவுல உன்ற ஊட்டுக்காரரு துண்டு என்னாச்சு?"

"அதை அவரு சொல்லலீங்களாண்ணா?" என்றாள் தெய்வாத்தாள். "அந்தப் பழைய ஊரைப் பாக்கலாம்னு போயிட்டிருந்தோமுங்க. ஊருக்கு வெளிய ரோட்டோரத்துல கங்காரு ஒண்ணு வண்டியில அடிபட்டுச் செத்துக் கெடந்துச்சு. இவரு காரை நிறுத்தச் சொல்லி ஒரே சத்தம். எறங்கிப் போயிப் பாத்தா, பைக்குள்ள குட்டி உசுரோட இருக்குது. குளுருல வெடவெடன்னு ஆடுதுங்க. தோள்ல கெடந்த துண்டை எடுத்துச் சுத்தி, சட்டைக்குள்ள வெச்சுக்கிட்டு அங்கயே உக்காந்துட்டாரு. எங்க பாப்பா கோகிலவாணி போன் பண்ணி, அந்தக் குட்டிகளை வளக்கற அம்மா வர்ற வரைக்கும் எந்திரிக்கவே இல்லை. பொழுது போயிருச்சு. ஊரும் பாக்கல, ஜெயிலும் பாக்கல, அருவியும் பாக்கல. பாப்பாதான் போன்ல போட்டோ காட்டுனா."

கந்தப்பன் என்னைப் பார்த்தான். நான் டீ கிளாஸுக்குள் பார்த்தேன்.

"துண்டு?"

"அந்தம்மா துணிப்பை கொண்டாந்திருந்தாங்க. துண்டைத் திருப்பிக் குடுத்தாங்க. இவருதான், வாசம் பழகிருச்சு, இப்ப மாத்துனா குட்டி மெரண்டுக்கும், அதோடயே இருக்கட்டும்னு சும்மா குடுத்துட்டு வந்துட்டாருங்க. ஊடு வந்து சேர்ற வரைக்கும் மூக்கை உறிஞ்சிக்கிட்டே..."

"பொய்!" என்று கத்தினேன். புங்கமரத்துக் காளை இரண்டும் திரும்பிப் பார்த்தன. "பச்சைப் பொய்! நானா? சும்மாவா? இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கறேன், இவளுக்கு இப்படிப் புளுகத் தெரியும்னு எனக்கு இன்னிக்குத்தான் தெரியுது!"

கந்தப்பன் போனை வைத்தான். எல்லோரும் மணியக்காரரைப் பார்த்தார்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டார். அவர் என்னிடம் மாடு வாங்கியிருக்கிறார், விற்றிருக்கிறார். தன் மகன் கல்யாணத்தில் பந்தி இலையை நான் பக்கத்து ஆளோடு பேரம் பேசி மாற்றியதையும் பார்த்திருக்கிறார்.

"கடிகாரத்தைப் பொத்தான் ஓட்டுச்சுன்னா நம்பறேன்" என்றார். "அருவி நின்னுச்சுன்னாலும் நம்பறேன். கங்காரு பல்லைப் புடிச்சுப் பாத்துச்சுன்னா அதையும் நம்பறேன். நாச்சிமுத்து ஒருத்தருக்கு ஒண்ணைச் சும்மா குடுத்தான்னு சொன்னா, அதை மட்டும் எப்பிடிப்பா நம்பறது?"

ராயப்பன் உட்பட எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

கந்தப்பன் தோளிலிருந்து துண்டை எடுத்து உதறினான். மணியக்காரர் எழுந்தார். வாங்க வந்தவர் கையை நீட்டினார். மூன்று பேரும் புங்கமரத்தடிக்குப் போனார்கள். காளைகளில் ஒன்று முரண்டு பண்ணியது. கந்தப்பன் கூட்டத்தைத் தாண்டி என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"ஏப்பா கங்காரு ஆளு, சும்மாதானே உக்காந்திருக்கறே? சித்த வந்து இந்தக் கயித்தப் புடி."

போய்ப் பிடித்தேன்.